கிளாத்தித்துறையில் நின்ற பெண்கள்

கிளாத்தித்துறையில் கடல் கெட்டியானது ஒரு காணும் பொங்கல் அன்று காலையில், லிங்கதுரை சட்டையைக் கழற்றி மனைவி மடியில் எறிந்துவிட்டு, ஹோவென்று கத்திக்கொண்டு மணலில் ஓடி, முதல் அலைமீது பாய்ந்தபோது. பாய்ந்தவன் முங்கவில்லை. சிமெண்டுத் தரையில் விழுந்தவன் மாதிரி தொப்பென்று விழுந்து, முட்டி இரண்டும் சிராய்த்து, கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றான். எழுந்து பார்த்தால் கடல்மேல் நிற்கிறான். அலை வந்தது, அவனைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது, நுரை அவன் கணுக்காலைச் சுற்றி ஓடியது, ஆனால் உள்ளே போக ஒரு விரற்கடை இடம் கொடுக்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்த அவன் அண்ணன் பட்டுராஜனும் விழுந்தான், பட்டுராஜனின் மகன்கள் விழுந்தார்கள், அந்தக் கரையில் அன்றைக்குக் குளிக்க இறங்கிய ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எல்லாரும் முதலில் செய்தது ஒரே காரியம்தான், யாராவது பார்த்துவிட்டார்களா என்று கரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன? கரை நெடுக ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே அவர்களுக்கு வேறு என்ன வேலை?

அந்த உட்காருதலைப் பற்றிச் சொல்லாமல் கடலைப் பற்றிச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. காணும் பொங்கலுக்கு வேன் பிடித்துக் கிளாத்தித்துறைக்கு வருவது வேலன்குறிச்சிக்காரர்களின் வழக்கம். வேலன்குறிச்சி மட்டுமா, சுற்றுப்பட்டி பூராவும் அன்றைக்கு அங்கேதான். முதல் நாளே புளி ஊறப்போட்டு, கோழி கூவுமுன் எழுந்து புளியோதரை கிண்டி, தயிர்சோறு பிசைந்து, துவையல் அரைத்து, வடை சுட்டு, தூக்குச்சட்டி தூக்குச்சட்டியாக நிரப்பி, வேனில் ஏற்றி, இறக்கி, கால் புதையும் மணலில் சுமந்துவந்து வைத்த பெண்கள், வந்த உடனே உட்காருவார்கள். ஏன் என்றால் சாமானைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? செருப்பு, செல்போன், மோதிரம், வண்டிச் சாவி, கழற்றிப் போட்ட கைலி, எல்லாம் கிடக்கிறதே. காக்கா தூக்கும், நாய் இழுக்கும், எவனாவது நைசாக எடுத்துக்கொண்டு போவான். ஆகவே பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆண்கள் குளித்தார்கள். பசித்தால் ஏறி வந்து ஈரக் கையோடு தின்றார்கள், வடையில் உப்புக் கூட என்றார்கள், மறுபடியும் இறங்கினார்கள். பெண்களுக்குக் கடலே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் வேன் ஏறுமுன் கணுக்கால் நனைய நின்றுகொள்ளலாம். சேலையைத் தூக்கிக்கொண்டு, ரொம்பத் தூக்காமல், ஒரு அலை, இன்னொரு அலை, போதும் வாங்க, வேன்காரன் சத்தம் போடுதான்.

லிங்கதுரையின் மனைவி சுயம்புக்கனிக்கு நீச்சல் தெரியும். அதுதான் இதில் பெரிய கொடுமை. அவள் பிறந்த ஊரில் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடந்தது ஒரு குளம், அதில் இக்கரைக்கும் அக்கரைக்கும் எருமை மாடுகளோடு போட்டி போட்டு நீந்தி வளர்ந்தவள் கனி. வயதுக்கு வந்த அன்று கரையேறியவளை அப்புறம் குளத்துக்குள் விடவில்லை. கல்யாணமாகி வந்த முதல் காணும் பொங்கலில், கடலைப் பார்த்ததும் ஆசை தாங்காமல், "நானும் ஒரு முங்கு போட்டுட்டு வரட்டுமா?" என்று புருஷனிடம் கேட்டாள். "அப்ப பையை யாரு பாக்க?" என்று லிங்கதுரை திருப்பிக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, பாவி, நிஜமாகவே விளங்காமல் கேட்டான். அதற்கப்புறம் கனி கேட்கவில்லை.

ஆனால் மகள் வர்ணிகாவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே இந்த லிங்கதுரைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையாக இருந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி, வயிற்றில் கை கொடுத்து மிதக்கவிட்டு, கையை எடுத்தது தெரியாமல் எடுத்து, "மீன்குட்டி, மீன்குட்டி!" என்று ஊர் கேட்கக் கூவியவன். வளைகுடாவுக்கு நடுவே கொக்குப்பாறை என்று ஒன்று உண்டு. நல்ல நீச்சல்காரர்கள் அதுவரைக்கும் போய்வருவார்கள். "அடுத்த வருசம் நீயும் நானும் பாறைக்குப் போறோம்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வர்ணிகா அந்த ஒரு வருஷமும் வேறெதையும் யோசிக்கவில்லை. இடையில் ஐப்பசியில் அவள் பெரிய மனுஷி ஆனாள். சடங்கு வைத்தார்கள், பந்தல் போட்டார்கள், பட்டுப்பாவாடை கட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியோடு முடிந்தது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் காலையில், அப்பன் பின்னாலேயே ஓடப் போனவளை அவன் தடுத்து நிறுத்தினான்.

"நீ அம்மா கூட உக்காரும்மா."

"ஏம்ப்பா? பாறைக்குப் போறோம்னு சொன்னீங்கள்லா?"

"பெரிய புள்ளையாயிட்டல்லா. துணி நனைஞ்சா நல்லாவா இருக்கும்? நாலு பேரு பாக்காங்க."

வர்ணிகா திரும்பி வந்தாள். கனியின் கை தானாக நீண்டு, ஜமுக்காளத்தில் இருந்த பையை நகர்த்தி, மகளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தது. பண்ணிக் கொடுத்த பிறகுதான் தன் கை செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. உடனே கோபம் பொங்கி வந்தது, புருஷன்மேல் அல்ல, கொழுந்தன் மச்சினன்மேல் அல்ல, அந்தக் கைமேல். சீ, நீ என்ன கை, என்று அதைத் தொடையில் போட்டு அடித்துக்கொண்டாள். அப்போதுதான் லிங்கதுரை ஓடிப் போய்க் கடல்மேல் விழுந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவதும் போடாததும் கேட்கிறவர்கள் பாடு. கனி போடவில்லை. அவள் சிரித்தாள், அந்தக் கரையில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடல் கெட்டியானதற்கு ஊர் உலகம் பதறியிருக்கும் என்று நினைப்பீர்கள். அட, யார் பதறினார்கள்? மீன்பிடிப் படகுகள் போவது, வளைகுடாவின் ஓரத்தில் வரப்பு மாதிரி நீண்டிருந்த பாறைத்திட்டுக்கு வடக்கே, அங்கே தண்ணீர் எப்போதும்போலத் தண்ணீராகவே இருந்தது, அதனால் வலைக்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தெற்கே, குளிக்கிற வளைகுடாவில் மட்டும்தான் இந்தக் கூத்து. முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மறுவாரம் கடல்மேல் ஸ்டம்ப் நட முடியாமல் செங்கலை வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். அலை வரும்போது பேட்டோடு மேலே போய்க் கீழே வந்தார்கள். ஒருத்தன் உப்பு கூடிப்போச்சு என்றான், ஒருத்தன் கலிகாலம் என்றான், கல்லூரியிலிருந்து கண்ணாடி போட்ட ஆட்கள் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் வந்து இத்தனையும் பார்த்தார்களே, ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, நீ கொஞ்சம் இறங்கிப் பாரம்மா என்று ஒருத்தனாவது சொன்னானா? சொல்லவில்லை. பெண்களும் இறங்கவில்லை, அவர்கள்தான் கிரிக்கெட் ஆடுகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகாத புதுப்பெண் ஒருத்தி. சோறு தின்ற கையைக் கழுவக் குனிந்தாள். கை உள்ளே போனது. காலை வைத்தாள், கால் போனது. "ஏங்க, இங்கன வாங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டாள், அவன் வந்து பக்கத்தில் நின்றான், அவன் காலும் போனது. பூரித்துப்போய் நாலு எட்டுத் தள்ளி வைத்தான், டங்கென்று இடித்தது. அவள் நிற்கிற இடத்தைச் சுற்றி, இரண்டு ஆள் கை நீட்டுகிற அளவுக்கு, கடல் யாருக்கும் கடலாக இருந்தது. அதைத் தாண்டினால் ஆணுக்குத் தரை, பெண்ணுக்குத் தண்ணீர்.

இதைப் பார்த்து மனுஷனாய்ப் பிறந்தவன் என்ன நினைக்க வேண்டும்? கடல் என்னமோ சொல்கிறது என்று நினைக்க வேண்டாமா? இத்தனை வருஷம் கரையில் உட்கார வைத்தோமே, போங்கம்மா, போய் ஆசை தீரக் குளியுங்கள், நாங்கள் உட்காருகிறோம் என்று சொல்ல வேண்டாமா? ஊஹூம். பெண் நின்றால் கடல் திறக்கும் என்று நினைத்தார்கள். வழி கிடைத்துவிட்டது என்று விசிலடித்தார்கள். மறு ஞாயிற்றுக்கிழமையே வேன் வேனாக வந்து இறங்கி, அவரவர் வீட்டுப் பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, அவர்களைச் சுற்றிச் சுற்றி நீந்தினார்கள்.

முதலில் பெண்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெயிலில் காய்வதற்கு இது எவ்வளவோ மேல் என்று சிரித்துக்கொண்டார்கள், ஒருத்திக்கொருத்தி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். ஆனால் நிற்கிறவள் நகர்ந்தால் கடலும் கூடவே நகர்ந்துவிடும் அல்லவா? அதனால் நகரக் கூடாது. நீந்தக் கூடாது. முங்கவும் கூடாது, முங்கினால் கால் பெயர்ந்துவிடும். ஒரு நாள் ஒருத்தி தும்மிவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய்விட்டாள். அவள் புருஷன் இடுப்புவரை கடலில் மாட்டிக்கொண்டு, உரலுக்குள் கால் விட்டவன் மாதிரி ஆட முடியாமல் அசைய முடியாமல் அலறினான். அவள் திரும்பி வந்து நின்றதும் விட்டது. ஒரு கீறல் இல்லை, வலிகூட இல்லை, பயம்தான். ஆனால் அந்தப் பயம் போதாதா? அடுத்த வாரமே கரையில் கம்பம் நட்டு, நைலான் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பெண்களின் இடுப்பில் முடிந்துவிட்டார்கள். அலை இழுத்துவிடக் கூடாதே, உங்கள் பாதுகாப்புக்குத்தானே என்றார்கள்.

இப்படியாகத்தானே அது ஒரு வழக்கமாகிப் போனது. தேர் நிற்கிற இடத்துக்கு நிலை என்று பேர் இருக்கிறதல்லவா, அந்தப் பேரை இதற்கும் வைத்தார்கள். "இன்னைக்கு உங்க வீட்ல யாரு நிலை?" என்று வேனிலேயே கேட்டுக்கொண்டார்கள். பெண்டாட்டி இல்லாத வாலிபர்களுக்கு வாடகைக்கு நிற்கக் கரையோரத்துப் பெண்கள் வந்தார்கள், அவர்கள் வயிற்றுப்பாடு அவர்களுக்கு. பெண் பார்க்கப் போகிற இடத்தில், பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்பதோடு, எவ்வளவு நேரம் நிப்பா என்றும் விசாரித்தார்கள். துறையின் முகப்பில், கடல் திறக்கும் தாய்க்குலமே வருக வருக என்று பெரிய பிளக்ஸ் போர்டு வைத்து, அதன் கீழே, புதிதாய் முளைத்த குளியல் கமிட்டியின் தலைவர் கும்பிடுகிற மாதிரி படம் போட்டார்கள். மேடை போட்டுப் பேசினார்கள். பெண் இல்லையேல் கடல் இல்லை என்று பேசியவருக்குக் கைதட்டல் அடங்கவில்லை. கைதட்டிய பெண்களுக்கு உள்ளங்கால் வெளுத்து, தோல் ஊறி, நனைந்த சேலை இரும்பாய்க் கனத்து, ராத்திரி முழுக்கக் கெண்டைக்கால் இழுத்தது. புளியோதரையும் அவர்கள்தான் கிண்ட வேண்டும், அது மாறவில்லை. செருப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் கமிட்டி ஆள் போட்டது, அதையும் பெண்களுக்குச் செய்த பெரிய உபகாரமாகச் சொல்லிக்கொண்டது.

கனி அந்த வருஷம் பலமுறை நின்றாள். நிற்கும்போதெல்லாம் தண்ணீர் அவள் தொடையிலும் இடுப்பிலும் வந்து மோதி வா வா என்று இழுத்தது. கால் விரல்கள் மணலில் தாமாக உதைத்துப் பார்த்தன. பக்கத்தில் பட்டுராஜன் பெண்டாட்டி சந்திரா நிற்பாள். "என்னளா, முகத்த உம்முனு வச்சிருக்க?" என்பாள் சந்திரா. "ஒண்ணுமில்லக்கா" என்பாள் கனி. ஒன்றுமில்லையா? கரையில் உட்கார்ந்திருந்தபோதாவது கடல் தூரத்தில் கிடந்தது. இப்போது இடுப்புவரை கடலுக்குள் நிறுத்தி, அதைத் தொடாதே என்கிறார்கள். பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்துக் கையைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கனிக்கு அப்படி எரிந்தது. எரிச்சலை யாரிடம் காட்ட? வீட்டில் பாத்திரங்களிடம் காட்டினாள்.

மறுபடியும் காணும் பொங்கல் வந்தது.

"வர்ணிம்மா, போன வருசம் மாதிரி நீ கரையில உக்கார வேண்டாம். இந்தத் தடவ நீயும் தண்ணிக்குள்ளதான்" என்று லிங்கதுரை முதல் நாள் சாப்பிடும்போது சொன்னான். பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையில் இருந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள், முடியை இறுக்கிப் பின்ன ரிப்பன் தேடினாள், போன வருஷத்துப் பாவாடை வேண்டாம் கால் தடுக்கும் என்று பேன்ட் எடுத்து வைத்தாள். கனிக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுப்படியில் நின்று புருஷனைக் கேட்டாள்.

"அவள எதுக்கு நிறுத்தப் போறீங்க?"

"சின்ன வயசு, திடமா நிப்பா. அண்ணனுக்கு ஆழத்துல குளிக்கணும்னு ஆசை. சந்திரா மயினிக்கு ஆழம்னா மயக்கம் வருது."

"அவ நீந்தப் போறோம்னு நெனைக்கா."

"நின்னுட்டே கையக் காலை அசைச்சுக்கிடட்டும். எல்லாப் பொண்ணும் செய்யுறதுதான? நான் என்ன அவள வெட்டவா போறேன்?"

அவன் கெட்டவன் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண் மூடாதவன். அதைத்தான் கனியால் பொறுக்க முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் கரண்டியை எறிந்திருப்பாள்.

மறுநாள் துறையில் கால் வைக்க இடமில்லை. கம்பங்களிலிருந்து கடலுக்குள் கயிறு கயிறாகப் போய், ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு பெண் நின்றாள். அவளைச் சுற்றி அவள் வீட்டு ஆண்கள் கத்திக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். வர்ணிகா நேரே ஓடிப் போய்த் தண்ணீரில் பாய்ந்து, நாலு கை போட்டு, தலையைத் தூக்கிச் சிரித்தாள். "இருடி, இரு" என்று லிங்கதுரை பின்னாலேயே போனான். அவள் பக்கத்தில் இருந்ததால் அவன் கால் இறங்கியது. அவளைத் தோளைப் பிடித்து நெஞ்சளவு ஆழத்தில் நிறுத்தி, இடுப்பில் கயிற்றைச் சுற்றினான்.

"என்னப்பா இது?"

"சும்மா ஒரு பிடிப்புக்கு. பெரியப்பா, அண்ணன்மார் எல்லாரும் குளிச்சு முடிக்கிற மட்டும் அசையாம நில்லு."

"அப்பா, நான் பாறைக்குப் போவணும்பா."

"நீ போனா பெரியப்பா மாட்டிக்கிடுவாங்கல்லாம்மா."

கனியைக் கொஞ்சம் இப்பால், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்; லிங்கதுரையும் கூட வந்த சேக்காளிகளும் அவளைச் சுற்றிக் குளித்தார்கள். அலைக்கும் அலைக்கும் நடுவே கனி மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பின்னிய ஜடையோடு, கைகளைத் தண்ணீருக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல் நின்றாள். அலை ஒன்று தள்ளியதில் ஒரு எட்டு நகர்ந்துவிட்டாள்.

"ஏட்டி, அறிவிருக்கா? மரம் மாதிரி நில்லுன்னு சொன்னம்லா!" என்று கத்தினான் பட்டுராஜன். "கால் மாட்டிருக்கும் எனக்கு!"

"சரி பெரியப்பா" என்றாள் வர்ணிகா. சொல்லிவிட்டு, கால்களை அகல வைத்து மணலில் ஊன்றிக்கொண்டாள். நன்றாக, பழக்கப்பட்டவள் மாதிரி ஊன்றினாள்.

அதைப் பார்த்த கனிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. என்னமோ சொல்வார்களே, பொறுமை பூமாதேவி என்றெல்லாம், அதெல்லாம் அந்த நிமிஷத்தோடு சரி. இடுப்புக் கயிற்றின் முடிச்சைத் தேடினாள், ஊறிப்போய் இறுகியிருந்தது, நகம் பெயரப் பெயர அவிழ்த்து எறிந்தாள்.

"என்னட்டி செய்யுத?" என்றான் லிங்கதுரை.

"போறேன்."

"எங்க போற? நாங்க நடுத் தண்ணியில நிக்கோம்!"

"நில்லுங்க" என்றாள் கனி. "எனக்கு நிக்க மட்டுந்தான் தெரியும்னு நெனச்சீங்கள்லா, நீங்களும் படிச்சுக்கிடுங்க. என்னைய உக்காரச் சொன்னீங்க, உக்காந்தேன். நிக்கச் சொன்னீங்க, நின்னேன். எம் புள்ளையக் கட்டிப் போட ஒமக்கு யாருய்யா உரிமை குடுத்தா?"

வாழ்நாளில் அவனை அவள் 'யா' போட்டுப் பேசியதில்லை. அவன் திகைத்து வாயைத் திறக்குமுன், அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மகள் பக்கம் நடந்தாள். அவளோடு கூடக் கடலும் நடந்தது. பின்னால் லிங்கதுரையும் சேக்காளிகளும் நின்ற இடத்தில் நெஞ்சுவரை இறுகிப்போனார்கள். ஒருத்தன் கை மேலே, ஒருத்தன் கை உள்ளே. கூச்சல் கிளம்பியது. கனி திரும்பவில்லை. மகளிடம் போய் அவள் இடுப்புக் கயிற்றை மேலே ஏற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கனி, வேண்டாம்! சொன்னாக் கேளு! நான் ஒன் புருசனுக்கு மூத்தவன்!" என்றான் பட்டுராஜன்.

"அதனாலதான் அத்தான், ஒங்கள நல்ல ஆழமாப் பாத்து விட்டுட்டுப் போறேன்" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "நீந்து" என்றாள்.

வர்ணிகா ஒரு கணம் அம்மாவை நம்பாமல் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் தண்ணீருக்குள் போட்டாள், கை போட்டாள், போனாள். கனியும் பாய்ந்தாள். பாய்ந்த உடனே மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி, இருமி, சேலை காலைச் சுற்றி, முங்கி எழுந்து, அட பாவி மறந்தா போச்சு என்று ஒரு நொடி பதறினாள். சேலையை உருவி விட்டாள். அது தன்பாட்டுக்கு விரிந்து மிதந்து போனது. பாவாடையும் ஜாக்கெட்டுமாக ஒரு உதை உதைத்தாள். உடம்பு மறக்கவில்லை. அது இத்தனை வருஷமும் காத்துக்கொண்டிருந்த மாதிரி, தானாக நீண்டு, தானாக மடங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

பின்னால் கரைப் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடலாம். பக்கத்துக் கயிற்றில், ஆழம் குறைந்த இடத்தில் நின்ற சந்திராவிடம், "மயினி, நீங்களாவது இங்கன வந்து நில்லுங்க, புண்ணியமாப் போவும்" என்று லிங்கதுரை கெஞ்சினான். சந்திராவுக்கு நீச்சல் தெரியாது. அவள் தன் கயிற்றை அவிழ்த்து, மடித்து, தண்ணீரில் போட்டாள். கரைப் பக்கமாக நடந்து, முழங்காலளவில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போட்டாள். எழுந்து முகத்தை வழித்துவிட்டு இன்னொன்று போட்டாள். அவளைப் பார்த்து அடுத்த கயிற்றுக்காரி அவிழ்த்தாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். தாய்க்குலமே, தாய்க்குலமே என்று கமிட்டித் தலைவர் மைக்கில் அழைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வளைகுடா முழுக்க ஆண்கள் இடுப்பளவிலும் நெஞ்சளவிலும் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள், பெண்கள் அவர்களைத் தவிர்த்து வேறெல்லா இடத்திலும் குளித்தார்கள். யாருக்கும் மூச்சுக்குப் பங்கமில்லை. கடல் அவர்களைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கனி கொக்குப்பாறையைத் தொட்டபோது மகள் முன்னமே ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கனி பாறையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கரையைப் பார்த்தாள். ஜமுக்காளம் தெரிந்தது. தூக்குச்சட்டி மூடிகூடத் தெரிந்தது. வேனில் எழுதியிருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சாதாரண அழுகை இல்லை, நெஞ்சு வெடிக்கிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாறையைக் கையால் குத்திக் குத்தி அழுதாள்.

"என்னம்மா? கையில அடிபட்டுருச்சா?"

"இவ்வளவு பக்கமா இருந்திருக்கேட்டி" என்றாள் கனி. "கடைக்குப் போயிட்டு வார தூரம்கூட இல்ல. இத்தனை வருசமும் இவ்வளவு பக்கத்துலயா இருந்திருக்கு?"

நீந்தினால் கோபம் தணியும் என்று நினைத்திருந்தாள். தணியவில்லை. தண்ணீர் எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவுக்குக் கூடியது. இதையா, இந்தச் சுகத்தையா என்னிடமிருந்து பிடுங்கிவைத்திருந்தீர்கள், நாசமாய்ப் போகிறவர்களே என்று வாய்விட்டுத் திட்டினாள். கேட்க அங்கே மகளைத் தவிர யாருமில்லை.

கரைப் பக்கமிருந்து லிங்கதுரையின் குரல் வந்தது. முதலில் அதட்டியது, அப்புறம் பேரம் பேசியது, இப்போது தழுதழுத்தது. "கனி! வர்ணிம்மா! அப்பாவால நிக்க முடியலம்மா! காலு மரத்துப் போச்சு! வாங்களேன்!"

வர்ணிகா கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு மீன்குட்டி என்று பேர் வைத்த தலை, தூரத்தில், தண்ணீருக்கு மேல் சின்னதாகத் தெரிந்தது.

"பாவம்லாம்மா" என்றாள்.

"பாவம்தான்."

"போவோமா?"

கனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்குப் போவணும்னா போ. நீ பக்கத்துல போய் நின்னாப் போதும், விட்டுரும். போகாதன்னு நான் சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் நீந்தணும்."

வர்ணிகா எழுந்து நின்றாள். அப்பாவை நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு அவன் கையை உயர உயர ஆட்டினான். அவளும் ஒரு தடவை கையை ஆட்டினாள். பிறகு திரும்பி, பாறையின் மறுபக்கம் போய், ஆழத்தைப் பார்த்துக் குதித்தாள்.